மூளை ரத்தக்கசிவு: தேறி வருவது பற்றி வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு 62 வயது. மூளையின் இடதுபக்கம் 25 மில்லி ரத்தம் கசிந்திருக்கிறதாம். மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. பிழைப்பாரா?

மூன்றாம் நாளில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எதை வைத்துக் கணிக்கிறார்கள் என்றால்: நினைவு எவ்வளவு இருக்கிறது, ரத்தம் 30 மில்லியைத் தொட்டதா, மூளையின் நீரறைகளுக்குள் இறங்கியதா, கசிவு மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ இருக்கிறதா, வயது 80 ஆகிவிட்டதா. வயதும் அளவும் அப்பாவுக்குச் சாதகம். நினைவில்லாததுதான் கவலை. ஆனால் கசிவைச் சுற்றிய வீக்கம் ஒன்றிரண்டு வாரம் வரை கூடும்; அந்த நாட்களின் மயக்கத்தை மட்டும் பார்த்து நம்பிக்கை இழந்துவிடாதீர்கள். அழுத்தத்தால் முடங்கிய பகுதி, ரத்தம் கரையக் கரைய மெல்ல வேலைக்குத் திரும்பக்கூடும். கண் திறந்த பிறகும் பேச்சும் வலது கை, காலும் பின்தங்கலாம்.

ஆபரேஷன் செய்து ரத்தத்தை ஏன் எடுக்கவில்லை?

ஆழத்தில் இருந்தால், அங்கே போகும் வழியில் நல்ல மூளையும் சேதமாகும். தானாகவே சில வாரங்களில் கரையும். சிறுமூளையில் பெரிய கசிவு என்றால் கதை வேறு. அங்கே தாமதிக்கவே கூடாது.

அம்மாவுக்கு மூக்கு டியூப் இருக்கிறது. வாயில் கொஞ்சம் காபி கொடுக்கலாமா?

விழுங்கும் சோதனை முடியும்வரை ஒரு வாய்கூட வேண்டாம். காபி, தண்ணீர் போன்ற நீர்த்தவைதான் மூச்சுக்குழாயில் எளிதாக இறங்கும். இருமலே வராமலும் இறங்கும். அப்புறம் காய்ச்சல், சளி, நிமோனியா. அனுமதி கிடைத்ததும் நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கூழ் பதத்தில் அரை டீஸ்பூன் கொடுங்கள். விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீரில் கொப்பளிப்பதுபோல் கேட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

மூன்று மாதம் ஆயிற்று. கணவர் நடக்கிறார், கை வரவில்லை. தோள் வேறு வலிக்கிறது.

பெரும்பாலும் கால்தான் முந்தும், கை பிந்தும். முதல் மூன்று மாதத்தில் வேகமாகத் தேறும், ஆறு மாதம்வரை தெளிவாகத் தெரியும், அதன்பிறகும் பயிற்சிக்குப் பலன் உண்டு. தோள்வலிக்கு முதலில் அவரைத் தூக்கிவிடும் முறையைப் பாருங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் மூட்டை நழுவச் செய்யும். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். தலைக்குமேல் கயிறு கட்டிக் கையை இழுக்கும் கப்பி வேண்டாம், வலியைக் கூட்டும்.

திரும்பவும் வருமா?

பி.பி.யை 130/80-க்குக் கீழே வைத்திருந்தால் வாய்ப்பு நன்றாகக் குறையும். பி.பி. நார்மல் என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டுவிடுங்கள். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை உங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் கசிவின் ஸ்கேனைக் காட்டிக் கேளுங்கள்.