பழைய நகர ஆற்றோவியங்களின் கையால் வரைந்த நகல்: வாங்க நினைப்பவர்கள் கேட்டவை

ஐரோப்பிய நகரங்களின் பழைய ஆற்றங்கரை ஓவியங்களை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுப்பது என் தொழில். கேள்விகளில் பாதிக்குமேல் ஒரே படத்தைப் பற்றியவை: இத்தாலிய ஓவியர் பெர்னார்டோ பெல்லோட்டோ 1748இல் வரைந்த ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம், எல்பே ஆற்றின் வலக்கரையிலிருந்து பார்த்த காட்சி. சரி, அதிலிருந்தே தொடங்கலாம்.

சார், ஹாலில் மாட்ட 3 அடிக்கு 2 அடியில் இந்தப் படம் வேண்டும். கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அது முழுப் படமாக இருக்காது. அசல் 133 செ.மீ. உயரம், 237 செ.மீ. அகலம், ஏறக்குறைய உங்கள் டிவி திரையின் விகிதம். 3 அடி அகலத்துக்கு உயரம் 20 அங்குலம்தான் வரும். 2 அடி உயரம் கட்டாயம் என்றால், ஒன்று பக்கவாட்டில் வெட்டுவார்கள், இல்லையென்றால் வானத்தை இழுத்து நிரப்புவார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. சுவரை அளந்துவிட்டு, படத்தின் விகிதத்துக்கு ஏற்ப அளவைச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் இடம் விட மறக்காதீர்கள்.

நல்ல நகல் எது, சுமாரான நகல் எது என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீரைப் பாருங்கள். எல்லாரும் முதலில் கட்டடங்களைத்தான் பார்க்கிறார்கள். கட்டடத்தை ஸ்கேலும் கட்டங்களும் வைத்து யாரும் ஓரளவு கொண்டுவந்துவிடலாம். ஆற்றில்தான் குட்டு வெளிப்படும்.

இந்தப் படத்தில் அகுஸ்டஸ் பாலத்தின் வளைவுகளையும், கீழே தண்ணீரில் விழும் அவற்றின் பிம்பத்தையும் ஒப்பிடுங்கள். பாலத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வரைந்திருந்தால் அது அவசர வேலை. கரையில் நிற்பவர் கண்ணுக்கு நேரே தெரிவதைவிட, வளைவின் அடிப்பக்கம் பிம்பத்தில் கூடுதலாகத் தெரிய வேண்டும். அடுத்தது வெளிச்சம்: வெளிர்நிறச் சுவர் தண்ணீரில் கொஞ்சம் மங்கும், கறுத்த நிழல் கொஞ்சம் வெளுக்கும். மேலும் கீழும் ஒரே நிறம் என்றால் நகலெடுத்தவர் ஆற்றைக் கவனிக்கவில்லை.

அப்புறம், கத்தோலிக்கத் தேவாலயத்தின் கோபுரம். பெல்லோட்டோ வரைந்தபோது அது கட்டி முடியவில்லை. சுற்றிலும் சாரம் நிற்கிறது. நுணுக்கமான வேலை என்பதால் சிலர் சாரத்தையே விட்டுவிட்டு மொழுக்கென்று ஒரு கோபுரத்தை வைத்துவிடுகிறார்கள். பணம் கொடுக்கும் முன் அந்த இடத்தை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கையால் வரைந்தது என்று விற்கிறார்கள். பிரிண்ட் எடுத்து மேலே ஏதோ தடவியிருந்தால்?

அது நடக்கிறது. கேன்வாஸில் அச்சடித்து, மேலே நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிடுவார்கள். விரலுக்கு மேடுபள்ளம் தட்டுப்படும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடியில் நுண்ணிய மைப்புள்ளிகள் தெரியும். லென்ஸ் இல்லையா? செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். தூரிகைத் தடம் ஒரு பக்கம், நிறத்தின் ஓரம் இன்னொரு பக்கம் போனால் அது ஜெல். உண்மையான எண்ணெய் வண்ணத்தில் தடமும் நிறமும் சேர்ந்தே போகும்.

அண்ணா, உருளையில் வந்த படத்தைப் பிரிக்காமல் சில மாதம் அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போது மேகமெல்லாம் மஞ்சளாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

அநேகமாக இல்லை. வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் இருட்டில் கிடந்தால் மஞ்சளடிக்கும். நேர் வெயில் படாத, நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் சில வாரம் விரித்து வையுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். இனி சுருட்ட நேர்ந்தால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும். மழைநீர் இறங்கும் சுவரில் மாட்டாதீர்கள்.

கடையில் கனலெட்டோ ஓவியம் என்கிறார்கள், நீங்கள் பெல்லோட்டோ என்கிறீர்கள். யார் சரி?

இரண்டு பேரும். வெனிஸின் புகழ்பெற்ற கனலெட்டோ இவருக்குத் தாய்மாமன். மருமகனும் வெளிநாட்டில் அதே பெயரைப் போட்டுக்கொண்டார். ஜெர்மனியிலும் போலந்திலும் இன்றும் இவரைக் கனலெட்டோ என்பார்கள். ஆர்டர் கொடுக்கும்போது ஊரையும் ஆண்டையும் சேர்த்துச் சொன்னால் வெனிஸ் கால்வாய் வந்து இறங்காது.

நகலெடுப்பது சட்டப்படி தப்பில்லையா?

பெல்லோட்டோ இறந்தது 1780இல். காப்புரிமை என்ற பேச்சே இல்லை. அசல் என்று சொல்லி விற்றால்தான் மோசடி. நகல் என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: டிரெஸ்டன் காட்சிகளை அரசருக்கு வரைந்த பெல்லோட்டோவே, அமைச்சர் புரூலுக்காக அவற்றைத் திரும்ப வரைந்து கொடுத்தார்.

இரண்டாம் உலகப் போரில் அழிந்த டிரெஸ்டனை இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கட்டினார்களாமே?

போலந்தின் தலைநகர் வார்சாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே பழைய நகரத்தை மீட்டுக் கட்டியபோது இவருடைய தெருக்காட்சிகள் உண்மையாகவே உதவின. டிரெஸ்டனில், படத்தில் பெரிய குவிமாடத்தோடு நிற்கும் ஃபிராவன்கிர்ஹே தேவாலயம் 1945 பிப்ரவரியில் இடிந்து விழுந்தது. 2005இல் மீண்டும் திறந்தது. அதற்குப் பழைய வரைபடங்களும் புகைப்படங்களும் இடிபாட்டில் கிடைத்த கற்களும்தான் ஆதாரம்.

டேனியல்கள் அச்சிட்ட காசி படித்துறைப் படத்தை எண்ணெய் வண்ணத்தில் செய்து தருவீர்களா?

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 இந்தியக் காட்சிப் படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் நிறம் தீட்டியவை. அந்த மெல்லிய நீர்வண்ணச் சாயலை எண்ணெயில் தடித்துக் காட்டினால் படித்துறை இருக்கும், கங்கையின் அந்த வெளிறிய ஒளி இருக்காது. தாளில் நீர்வண்ணத்தில் செய்யச் சொல்லுங்கள், செலவும் குறையும். எண்ணெய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் செய்து தருகிறேன், ஆனால் நகல் என்று சீட்டு எழுதித் தர மாட்டேன்.