பழைய பிளேட்டிங் பட்டறை இருந்த இடத்தை வாங்கிக் கடை கட்டலாமா? மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்ய முடியுமா?

முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொடுக்காதவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. எனக்கும் வரவில்லை.

நான் பொறியாளர் இல்லை, ஹார்டுவேர் கடைக்காரன். வேதியியல் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், பட்டதைச் சொல்கிறேன்.

கோவையில் கிடங்கு கட்ட 7 சென்ட் வாங்கினேன். முன்பு குரோம் முலாம் பூசிய பட்டறை. வக்கீல் 30 வருட வில்லங்கச் சான்றைத் துருவித் துருவிப் பார்த்தார். வில்லங்கமெல்லாம் மண்ணுக்குள் இருந்தது. பழைய போர்வெல்லில் மோட்டாரைப் போட்டால் எலுமிச்சை நிறத்தில் தண்ணீர். கொத்தனார் இரும்புச் சத்து என்றார். ஆய்வகத்தில் கொடுத்தேன்: லிட்டருக்கு 6 மில்லிகிராம் குரோமியம். இந்தியக் குடிநீர்த் தரநிலையின் உச்ச வரம்பு 0.05.

காய்ச்சினால் போகாது; சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். முலாம் தொட்டியில் ஊற்றுவது குரோமிக் அமிலம். அந்த வகைக் குரோமியம் நீரோடு கரைந்து ஓடும், புற்றுநோயும் தரும். அதைக் கரையாத வகையாக மாற்ற உதவுவது நம் நாட்டு மருந்துக் கடை அன்னபேதிதான், அதாவது இரும்பு சல்பேட் உப்பு. நீரை இறைத்து, அன்னபேதி கலந்து, சுண்ணாம்பு போட்டால் கசடு அடியில் தங்கும். அந்தக் கசடும் அபாயக் கழிவு. சாக்கடையில் விட முடியாது; முறைப்படி கும்மிடிப்பூண்டிக் கழிவு வளாகத்துக்கு அனுப்ப வேண்டும்.

4 மாதம் இறைத்தோம். நிறம் போனது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். ஐப்பசி மழையில் நீர்மட்டம் ஏறியதும் மறுபடி மஞ்சள்! தொட்டி இருந்த மூலையில் மண் ஊறிக் கிடந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுக்காமல் தண்ணீரை மட்டும் இறைத்தது என் முட்டாள்தனம். நீங்கள் முதலில் மண்ணை ஆய்வுக்குக் கொடுங்கள், தொட்டியும் வடிகாலும் இருந்த இடங்களில் எடுத்து.

"கீழே நல்ல தண்ணீர் இருக்கும், இன்னும் 500 அடி இறக்குங்கள் மாமா" என்றான் மச்சினன். நல்லவேளை, கேட்கவில்லை. அழுக்கு நீருக்குள் துளை போட்டால் அது அடிப்பாறை வெடிப்புகளுக்கும் இறங்கும். இவன் 2019இல் வாங்கிய கைமாற்று 80 ஆயிரம் இன்னும் வரவில்லை. கேட்டால் வீட்டில் இரண்டு நாள் சோறு கிடையாது. சரி, அது வேறு கதை.

செலவா? மனை விலையில் ஐந்தில் ஒரு பங்கு. மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும் என்று 1996இலேயே வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025இல் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசின் விதிகளும் வந்துவிட்டன. எனக்கு விற்றவரோ பட்டறைக்காரரின் மகன். "அப்பா காலத்தில் நடந்தது" என்றார். அப்பா படத்தில் மாலையோடு இருக்கிறார். உங்கள் கிரயப் பத்திரத்தில் இந்தப் பொறுப்பு யாருடையது என்று இப்போதே எழுதி வாங்குங்கள். அதற்கு ஒப்பாவிட்டால் முன்பணம் போனாலும் பரவாயில்லை.

மண்ணை எடுத்த பிறகு கிடங்கு கட்டிவிட்டேன். தண்ணீர் லாரியில்தான் வருகிறது. போர்வெல்லுக்கு மூடி போட்டுப் பூட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து, ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன். கடைசியாக வந்தது 0.09.