இது எந்த ஊர்?

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை வரைந்த நீர்வண்ண ஓவியங்களின் கண்காட்சித் திறப்பு விழாவுக்குப் போன வாரம் மகளோடு போயிருந்தேன். உங்களையும் அங்கே பார்த்தேன், கூட்டத்தில் பேச முடியவில்லை. மேடவாக்கத்தில் 19 வருடமாகக் குடியிருக்கிறேன். தினமும் அந்தச் சதுப்பைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். படங்களில் பூநாரை, கோரை, காலை வெயில் எல்லாம் இருந்தன. பெருங்குடிக் குப்பைமேடு ஒரு படத்திலும் இல்லை. அடுக்குமாடிகளும் இல்லை, பறக்கும் ரயிலும் இல்லை. பக்கத்தில் நின்றவர் ஒருவர், "அழகா இருக்கே, இது எந்த ஊர், கேரளாவா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டையை அடைத்தது. இப்படி வரைவது பொய் இல்லையா?

மேடவாக்கம் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மனக்குறை நியாயமானது. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

திறப்பு விழா அன்று படம் பார்க்க முடியாது. குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு, அப்புறம் டீ என்று நேரம் போய்விடும். சுவருக்கும் நமக்கும் நடுவில் பத்து முதுகுகள். அதனால் இரண்டு நாள் கழித்து ஒரு காலைவேளையில் மறுபடி போனேன். காவலாளியைத் தவிர யாரும் இல்லை. வாசலிலிருந்து மூன்றாவது படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். சம்புப் புதருக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு ஓவியர் வெள்ளைப் பூச்சே தொடவில்லை. சுற்றிலும் தண்ணீரின் பழுப்பைத் தீட்டிவிட்டு, கொக்கு இருக்கும் இடத்தில் மட்டும் தாளை அப்படியே விட்டிருக்கிறார். கழுத்தின் வளைவு, தீட்டாமல் விட்ட ஒரு கீற்று. அசந்துபோனேன்.

பிறகு கிட்டே போய் வானத்தைப் பார்த்தேன். இடது ஓரத்தில், வெளிர்சாம்பல் பூச்சுக்கு அடியில், பென்சில் கோடுகள். நேர்க்கோடுகள், சின்னச் சின்னக் கட்டங்கள். அடுக்குமாடிகள்! பென்சில் கோட்டின் மேல் நீர்வண்ணம் ஓடிக் காய்ந்துவிட்டால் அதை ரப்பரால் அழிப்பது கடினம். அங்கே உட்கார்ந்தபோது கட்டடங்களையும் வரைந்திருக்கிறார், வண்ணம் தீட்டும்போது விட்டுவிட்டிருக்கிறார். பொய் சொல்ல வந்தவர் அந்தக் கோடுகளைப் போட்டிருக்கவே மாட்டார். கை தயங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓவியர்கள் காட்சியை மாற்றுவது புதிதல்ல. அமெரிக்காவில் 1871-ல் புவியியலாளர் ஹேடன் தலைமையில் எல்லோஸ்டோனுக்குப் போன ஆய்வுக்குழுவோடு தாமஸ் மோரன் என்ற ஓவியர் போனார். அதே குழுவில் போன வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. அந்தப் பாறைகளின் மஞ்சளையும் வெந்நீர் ஊற்றுகளின் நீலத்தையும் காட்டியவை மோரனின் நீர்வண்ணங்கள்தான். 1872 மார்ச் 1 அன்று எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவானதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. மோரனின் பெரிய எண்ணெய் ஓவியம் அதற்குப் பிறகுதான் முடிந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் அதை 10,000 டாலருக்கு வாங்கியது. கண்ட காட்சியை அப்படியே நகலெடுப்பது தன் நோக்கமல்ல என்று மோரன் வெளிப்படையாகவே சொன்னவர். (அங்கே காலங்காலமாக வாழ்ந்த ஷோஷோன் மக்கள் பின்னர் வெளியேற்றப்பட்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதச் சுவடே இல்லாத காடு என்ற ஆசைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.)

ஆனால் மோரன் வரைந்த இடத்தை வாஷிங்டனில் இருந்தவர்கள் கண்ணால் கண்டதில்லை. பள்ளிக்கரணை அப்படியா? பஸ்ஸிலும் பைக்கிலும் தினமும் எத்தனை ஆயிரம் பேர் கடக்கிறோம்! பார்த்துப் பார்த்தே பார்க்காமல் போன இடம் இது. நமக்கு அடையாளமே அந்தக் குப்பைமேடும் ரயில் பாலமும்தான். அவற்றை எடுத்துவிட்டால் உள்ளூர்க்காரருக்கே கேரளா ஆகிவிடுகிறது. கேரளா என்றால் அதைக் காப்பாற்றும் கவலை நமக்கு எதற்கு?

பழைய ஆட்கள் கழுவேலி என்று சொன்ன அந்த வெளி ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதும் வடிவதும் இதோடு சேர்ந்த கதை. குப்பைக்கு முன்னால் பூநாரை நிற்கிறது, இருந்தும் வருகிறது. எனக்கு அந்தக் காட்சிதான் வேண்டும். அந்தக் கொக்கை அப்படித் தீட்டத் தெரிந்த கைக்கு அது முடியாத வேலை இல்லை.

சரி, மகளை இன்னொரு முறை அழைத்துப் போங்கள், கூட்டம் இல்லாத நாளில். மூன்றாவது படம், இடது ஓரம். வாசலில் கருத்தேடு இருக்கிறது. "அடுத்த முறை அந்தக் கட்டடங்களுக்கும் வண்ணம் கொடுங்கள்" என்று நான் எழுதிவிட்டு வந்தேன். அதற்குக் கீழே இடம் நிறைய இருக்கிறது.