வாசகர் கேள்வி – பதில்: வானத்து உலோகமும் லேசர் ஒளியும்

கேள்வி: எரிநட்சத்திரங்கள் எரிந்தபின் அவற்றிலிருந்த உலோகம் வளிமண்டலத்திலேயே தங்கிவிடுவதாகவும், அதைத் தரையிலிருந்தே லேசரால் ஆராய்வதாகவும் படித்தேன். அவ்வளவு உயரத்தில் இருக்கும் அணுக்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? அதனால் என்ன பயன்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த உலோகத்தில் பெரும்பங்கு நாம் கண்ணால் காணும் எரிநட்சத்திரங்களிலிருந்து வருவதன்று. இரவும் பகலும் ஓயாமல் பூமியை வந்தடையும் நுண்ணிய விண்தூசியே அதன் முதன்மையான ஊற்று. நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் நுழையும் அத்தூசி, காற்றில் மோதிச் சூடேறி ஆவியாகும்போது சோடியம், இரும்பு, பொட்டாசியம், கால்சியம் முதலியவற்றின் அணுக்கள் பிரிந்து, ஏறத்தாழ 80 முதல் 105 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய படலமாகப் பரவி நிற்கின்றன.

மெல்லிய படலம் என்பதுகூட மிகைதான். அடர்த்தி மிகுந்த 90 கிலோமீட்டர் உயரத்திலும் ஒரு கன சென்டிமீட்டரில் சில ஆயிரம் சோடியம் அணுக்களே உள்ளன. அதே இடத்தில் காற்று மூலக்கூறுகளோ பத்து லட்சம் கோடிக்கும் மேல். ஆயினும் சோடியம் அணு 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியை மிக விரும்பி உள்வாங்கி, உடனே அதே ஒளியைத் திரும்ப உமிழ்கிறது. அந்த அலைநீளத்திற்குத் துல்லியமாகச் சரிசெய்யப்பட்ட லேசர் துடிப்பை மேல்நோக்கிச் செலுத்தித் தொலைநோக்கியால் திரும்பிவரும் ஒளியைச் சேகரித்தால், அது வந்துசேர எடுத்துக்கொண்ட நேரமே அணுக்களின் உயரத்தைச் சொல்லிவிடும். 90 கிலோமீட்டருக்குப் போய்வர 0.6 மில்லிநொடி ஆகும். இரும்புக்கு 372, பொட்டாசியத்திற்கு 770 நானோமீட்டர் என ஒவ்வோர் உலோகத்திற்கும் தனி அலைநீளம் உண்டு. விண்தூசியில் ஏராளமாக இருக்கும் மக்னீசியத்தை மட்டும் தரையிலிருந்து இவ்வாறு காண இயலாது. அதற்குரிய புறஊதா ஒளியை இடையிலுள்ள ஓசோன் விழுங்கிவிடுகிறது.

1969ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போமன், கிப்சன், சாண்ட்ஃபோர்டு ஆகிய ஆய்வாளர்கள் இம்முறையில் சோடியத்தை முதன்முதலில் அளந்தனர். அன்றைய நோக்கம் உலோகத்தை அறிவது; இன்றோ உலோகத்தைக் கருவியாக்கிக் காற்றை அறிவதே பெரும்பயன் என்பது என் கருத்து. அந்த உயரத்தை பலூன் எட்டாது, செயற்கைக்கோள் அங்கே நிலைத்துச் சுற்றாது, ராக்கெட் சில நிமிடங்களில் கடந்துவிடும். அணுக்கள் வெப்பத்தால் எவ்வளவு வேகமாக அலைகின்றனவோ அவ்வளவுக்கு அவை உள்வாங்கும் அலைநீளப் பட்டை அகலும் என்பதால், லேசரின் அலைநீளத்தைச் சற்றே மாற்றி மாற்றி அளந்து வெப்பநிலையைக் கணிக்கலாம். பட்டை முழுவதும் நகர்ந்திருந்தால் அது காற்றின் வேகத்தைக் காட்டும். துருவங்களுக்கு மேலே அந்த உயரத்தில் கோடைக்காலம் குளிர்காலத்தைவிடக் கடுங்குளிராக இருக்கும் விந்தையையும் இத்தகைய அளவீடுகள் விரிவாகப் பதிவுசெய்துள்ளன.

கேள்வி: எரிநட்சத்திரங்கள் மிகுதியாகத் தோன்றும் ஜெமினிட்ஸ் எரிநட்சத்திரப் பொழிவு போன்ற இரவுகளில் இப்படலம் தடிக்குமா?
– அதே வாசகி

பதில்: பொதுவாகக் குறிப்பிடத்தக்க அளவில் தடிப்பதில்லை. அன்றாடம் விழும் தூசியின் மொத்த எடையோடு ஒப்பிட்டால், அந்த இரவுகள் கூடுதலாகக் கொண்டுவருவது சொற்பமே. நடு அட்சரேகைப் பகுதிகளில் (நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடைப்பட்டவற்றில்) சோடியம் கோடையில் குறைந்து குளிர்காலத்தில் கூடுகிறது. அதற்குக் காரணம் வெப்பநிலைக்கேற்ப மாறும் வேதிவினைகளும் காற்றோட்டமுமே. திருப்பதிக்கு அருகில் காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்திலும் சோடியம் லைடார் (மேலே சொன்னபடி லேசர் ஒளியால் அளக்கும்) கருவி இயங்கியிருக்கிறது.