தபாலக்கா பதில்கள்: பெட்டிக்குள்ள என்ன கொண்டு வாறீங்க?

வெளிநாட்டுக்குப் போய் வரும்போது என்ன சாமான் கொண்டு வரலாம் என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன். எழுதித் தள்ளிட்டீங்க! தபாற் கந்தோரில் வெளிநாட்டுப் பொதிகளுக்கு நடுவிலேயே காலம் தள்ளினவ நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் கூட. பொறுத்துக்கொள்ளுங்க.

கேள்வி: அவர் கட்டாரிலிருந்து லீவில் வாறார். மாமி ரெண்டு கம்பளிப் போர்வை கேட்டு நிற்கிறா. அதுக்கே பாதி நிறை போயிரும். பிள்ளைகளுக்கு என்ன கொண்டு வரச் சொல்லலாம் அக்கா?
— வாசகி, வாழைச்சேனை

போர்வை புலிப் படம் போட்டதா, ரோசாப்பூப் போட்டதா என்று எழுதலையே மகள்! நம்ம பக்கம் எந்த அலுமாரியைத் திறந்தாலும் அந்தப் போர்வைதான் முதலில் வெளியே விழும். மார்கழி அடைமழைக்குக் கொஞ்ச நாள் போர்த்தலாம். மற்ற நாளெல்லாம் நாலாக மடித்துப் பிள்ளையைப் படுக்கப் போடத்தான் உதவும். ஆனாலும் ஒன்று வரட்டும். பக்கத்து வீட்டுக்குக் காட்டவாவது மாமிக்கு அது வேணும். ரெண்டாவதுக்கு மட்டும் நைசாகத் தடை போடுங்க.

பவுடரும் ஷாம்பும் பிள்ளைகளுக்கு எதுக்கு? அதெல்லாம் உங்க சந்திக் கடையிலேயே தொங்குது. அப்பா இருக்கிற ஊரைப் பிள்ளைகள் கண்டதில்லை. வீடியோ கோலில் தெரியிறது அவரின் முகமும் பின்னால ஒரு சுவரும்தான். அதனால அவர் அங்க புழங்கின சாமானையே கொண்டு வரச் சொல்லுங்க: தேத்தண்ணி குடிச்ச கோப்பை, வேலைக்குப் போட்ட தொப்பி, பொக்கட்டில் மிஞ்சின சில்லறை. சில்லறைக் காசைக் காசு மாற்றுறவங்க எடுக்கவும் மாட்டாங்க, வீட்டுக்குத்தான் வரவேணும். கட்டார் நாணயத்தில் அந்த நாட்டு இலச்சினை இருக்கு: வளைந்த ரெண்டு வாள், ஒரு பாய்க்கப்பல், பேரீச்ச மரம். துறைமுகத்தில் படகு பார்த்து வளர்ற வாழைச்சேனைப் பிள்ளை அந்தக் கப்பலைக் கண்டால் கேள்வி கேட்டே அப்பாவின் லீவை முடிச்சிரும். நூறு திர்ஹம் ஒரு ரியால் என்று கணக்கும் படிச்சிரும்.

மாமிக்கு இன்னும் ஏதாவது வேணுமென்றால், டோஹாவில் சூக் வாகிஃப் என்ற பழைய சந்தை இருக்கு. அங்க குங்குமப்பூவைக் கிராம் கணக்கில் விற்பாங்க. டப்பா தீப்பெட்டி அளவுதான், பாயசத்துக்குப் பல மாதம் காணும். நிறைக் கணக்கில் ஏறவே ஏறாது.

கேள்வி: தம்பியைப் பார்க்க சுவிஸ் போறோம். திரும்பி வரும்போது ஊர் முழுக்கக் கொடுக்க வேணும். சொக்லேட்டைத் தவிர வேற என்ன வாங்கலாம்? கத்தி வாங்கினால் விமான நிலையத்தில் பறிச்சிருவாங்களா?
— வாசகர், களுவாஞ்சிகுடி

முதலில் சொக்லேட்டைப் பற்றிச் சொல்லிடுறன். கொக்கோ வெண்ணெய் நம்ம உடம்புச் சூட்டுக்கே உருகிற சாமான். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் பஸ்ஸின் அடித்தட்டில் வந்தால் உருகி, வீட்டுக்கு வந்து மறுபடி இறுகி, மேலே வெள்ளை பூத்து நிற்கும். கெட்டுப்போனதென்று எறியாதீங்க, கொழுப்புத்தான் மேலே வந்து படிஞ்சிருக்கு. தின்னலாம். ஆனா கொடுக்கக் கூச்சமாயிருக்கும். அந்த முக்கோண டொப்லரோன் இருக்கே, அதன் தயாரிப்பில் ஒரு பகுதியை சிலோவாக்கியாவுக்குக் கொண்டு போனதால 2023இல் மட்டர்ஹோர்ன் என்ற சுவிஸ் மலையின் படத்தையே உறையிலிருந்து எடுத்திட்டாங்க. கொழும்பில் கிடைக்கிற சொக்லேட்டுக்கு சூரிச்சில் ஏன் காசு கொடுக்கிறீங்க?

என்ட மகள் அங்கதான் இருக்கிறா. அவட குசினி லாச்சியில் கண்டெடுத்த சாமான்தான் என்ட விருப்பத்துக்குரியது: ரெக்ஸ் என்கிற தோல் சீவி. ஒரே அலுமினியத் தகட்டை லாடம் மாதிரி வளைச்சிருக்கு. வாயில் குறுக்கே ஓர் உருக்கு அலகு, முன்னும் பின்னும் ஆடும். காயின் மேடு பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி அது தானாகவே சாயிறதால தோல் கடதாசி போலக் கழன்று வரும், சதை போகாது. பக்கத்தில் சின்னக் கொக்கி, உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்ட. அல்பிரட் நெவெசெர்சல் என்றவர் 1947இல் உருவாக்கினது, இன்றைக்கும் அதே உருவம்தான். 2004இல் சுவிஸ் தபால் அதை ஒரு முத்திரையிலேயே அச்சடிச்சிருக்கு! தோல் சீவிக்கு முத்திரை போட்ட நாட்டை ஒரு தபால்காரி எப்படி மறப்பா? புளி மாங்காயைச் சீவிப் பார்த்தேன், பப்பாசிக்காயைச் சீவிப் பார்த்தேன், அலுக்காம வேலை செய்யுது. பூசணித் தோலுக்கு மட்டும் நம்ம கத்திதான் சரி. விலை சில பிராங்க்தான், சுப்பர் மார்க்கெட்டில் வீட்டுச் சாமான் தட்டில் தொங்கும். பத்து வாங்கினாலும் ஒரு சொக்லேட் பெட்டி நிறை வராது.

கத்தி என்றால் சிவப்புப் பிடி விக்டோரினொக்ஸ். சுவிஸ் நாட்டில் இபாக் என்ற ஊரில் 1884இல் தொடங்கின பட்டறை, இப்பவும் அங்கதான். மடக்குக் கத்தியை விட, தக்காளி அரியிற பல்லுள்ள சின்னக் கத்தியைப் பாருங்க. விலை குறைவு, வீட்டுப் பெண்கள் சண்டை போட்டு எடுப்பாங்க. கத்தியோ சீவியோ, பெரிய பெட்டிக்குள் வைச்சு அனுப்புங்க. கைப்பையில் வைச்சால் பறிக்கத்தான் செய்வாங்க, அதில் அழுது பிரயோசனமில்லை.

போகும்போது தம்பிக்குத் தயிர்ச் சட்டி கொண்டு போகிற யோசனை இருந்தால் விட்டிருங்க. நம்ம நாட்டுப் பாலும் இறைச்சியும் அங்க எல்லையைத் தாண்ட விடமாட்டாங்க. மருதமுனைக் கைத்தறிச் சாரன் ரெண்டு வாங்குங்க, போதும்.

கேள்வி: மக்காவுக்கு உம்றா யாத்திரை போறோம். சொந்தக்காரர் அதிகம், பெட்டியோ சின்னது. என்ன வாங்கட்டும் அக்கா?
— சகோதரி, காத்தான்குடி

நான் போன ஊர் இல்லை. போய் வந்த தோழிகள் கொடுத்ததை வைச்சுத்தான் சொல்றன். மதீனாவின் அஜ்வாப் பேரீச்சம்பழம், கறுப்பாக, மெத்தென்று இருக்கும். அலங்காரப் பெட்டிகளில் வாங்காதீங்க, பழத்தை விட அட்டைதான் நிறை. கிலோக் கணக்கில் உதிரியாக வாங்கி, வீட்டில் வந்து ஏழேழு பழமாகப் பொட்டலம் கட்டுங்க. மக்காவின் ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீரை உடுப்புப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. 5 லீட்டர்ப் போத்தலாகப் பொதி செய்து விமான நிலையத்திலேயே விற்கிறாங்க. ஆளுக்கு எத்தனை என்று டிக்கட் எடுத்த இடத்தில் முன்கூட்டியே கேட்டு வைங்க.

தொழுகை விரிப்பான முஸல்லாவிலும் மணி உருட்டுற தஸ்பீஹிலும் சீனா, துருக்கி என்று எழுதியிருக்கும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். மக்காவில் நின்று உங்க பேரை நினைச்சு வாங்கினேன் என்று சொல்லிக் கொடுக்கும்போது தொழிற்சாலை எங்க என்று ஆர் பார்ப்பா?

கேள்வி: பிரிஜ்ஜில் ஒட்டும் காந்தம்?
— வாசகர், கல்முனை

வேணாம் தம்பி. பிரிஜ் கதவில் மின்சார பில் ஒட்டவே இடம் காணாது.

கேள்வி: பழனிக்குப் போறோம். அங்கிருந்து ரோசாக் கன்றும் நல்ல மிளகாய் விதையும் கொண்டு வர ஆசை. பைக்குள் சுருட்டிக் கொண்டு வந்தால் தெரியுமா?
— வாசகி, அக்கரைப்பற்று

தெரியுமோ தெரியாதோ, செய்யாதீங்க மகள். இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி கன்றுக்கும் விதைக்கும் அனுமதி வேணும். விமான நிலையத்திலேயே விவசாயத் திணைக்களத்தின் ஆட்கள் இருக்கிறாங்க. பப்பாசி மரத்தில் வெள்ளை மாப் பூசின மாதிரி ஒரு பூச்சி அப்புமே, அது மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி, 2008இல்தான் இந்த நாட்டில் தலைகாட்டியது. அதுக்குப் பிறகு எத்தனை வளவில் பப்பாசி பட்டுப் போனதென்று உங்க ஊரிலேயே கேட்டுப் பாருங்க. வேரோடும் மண்ணோடும் வாற கன்றில் என்னென்ன ஒளிஞ்சிருக்கு என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது.

பழனி என்றால் பஞ்சாமிர்தம்தான். மலைவாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலம் சேர்த்துச் செய்றது, தண்ணி ஒரு சொட்டும் சேராது. அந்த ஊருக்கே உரியது என்று காட்டுற புவிசார் குறியீடும் 2019இல் கிடைச்சிருக்கு. மூடி இறுக்கின டப்பாவாகப் பார்த்து வாங்குங்க. களி மாதிரிச் சாமான் என்பதால 100 மில்லிலீட்டருக்கு மேலே கைப்பையில் விடமாட்டாங்க, பெரிய பெட்டிக்குள் பொலித்தீன் ரெண்டு சுற்றுச் சுற்றி வைங்க. மிளகாய் விதையை அக்கரைப்பற்றிலேயே வாங்கலாம், நம்ம மண்ணுக்கு அதுதான் காய்க்கும்.