முதல் போட்டியிலேயே நாக்அவுட் வேண்டாம்

கேள்வி: பள்ளியில் மாலை நேர செஸ் வகுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எட்டு முதல் பதினோரு வயது வரை 20 பிள்ளைகள். பாதிப் பேருக்குக் காய் நகர்த்தத் தெரியும், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நானே சுமாராகத்தான் ஆடுவேன். எங்கிருந்து தொடங்குவது? போட்டி வைத்தால் தோற்கிற பிள்ளைகள் விலகிவிடுவார்களா?

பதில்: நீங்கள் சுமாராக ஆடுவது ஒரு குறையே இல்லை. விதிகளைத் தவறில்லாமல் தெரிந்துவைத்திருந்தால் முதல் வருடத்துக்குப் போதும்.

முதல் நாளே ஆறு வகைக் காய்களையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். சிப்பாய்களை மட்டும் அடுக்கி ஆடச் சொல்லுங்கள். ஆளுக்கு எட்டு சிப்பாய்; எதிர்முனையை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஐந்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். சிப்பாய் நேராக நகர்ந்து குறுக்காக வெட்டும் என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள், அது இதிலேயே பழகிவிடும். அப்புறம் ராஜாவைச் சேருங்கள், பிறகு யானை, பிஷப், ராணி என்று வாரம் ஒரு காய். குதிரை கடைசியில் வரட்டும். ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களையும் இதில் உட்கார வையுங்கள். தெரியும் என்று சொல்கிற பல பிள்ளைகளுக்குக் கேஸ்லிங் விதியும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) ஸ்டேல்மேட்டும் (ராஜாவுக்குச் செக் இல்லாமலே, நகர்த்த ஒரு நகர்வும் இல்லாத நிலை; ஆட்டம் டிரா) அரைகுறையாகவே தெரிந்திருக்கும்.

அடுத்தது ஓப்பனிங் எனும் தொடக்க நகர்வுகள் இல்லை, மேட்; அதாவது செக் வைத்த ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்குவது. ராணியும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை மடக்குவது, பிறகு யானையும் ராஜாவும் சேர்ந்து மடக்குவது. இது தெரியாததால்தான், மூன்று ராணிகளை வைத்துக்கொண்டும் எதிராளிக்கு நகரவே இடம் கொடுக்காமல் ஸ்டேல்மேட் ஆக்கி, ஜெயித்த ஆட்டத்தை டிராவாக முடிக்கிறார்கள். ஓப்பனிங்கிற்கு இப்போதைக்கு மூன்று விஷயங்கள் போதும்: நடுக்கட்டங்களைப் பிடி, குதிரையையும் பிஷப்பையும் வெளியே கொண்டுவா, சீக்கிரம் கேஸ்லிங் செய். மனப்பாட வரிசைகளை இந்த வயதில் திணிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எதிராளி ஒரு நகர்வை மாற்றினால் பிள்ளை திகைத்து நின்றுவிடும்.

இனி போட்டி. கட்டாயம் வையுங்கள், இரண்டு மூன்று மாதத்திலேயே வைக்கலாம். ஆனால் தயவுசெய்து நாக்அவுட் வேண்டாம். அதில் முதல் சுற்று முடிந்ததும் பாதிப் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். அதிகம் ஆட வேண்டியவர்கள்தான் ஒரே ஆட்டத்தோடு கிளம்புவார்கள். நீங்கள் பயப்படுகிற விலகல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

சுவிஸ் முறையில் யாரும் வெளியேறுவதில்லை. வெற்றிக்கு 1 புள்ளி, டிராவுக்கு அரை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே புள்ளியில் இருப்பவர்களை, முடிந்தவரை, ஒருவருக்கொருவர் எதிரே உட்கார வைப்பார்கள். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோத மாட்டார்கள். இரண்டு ஆட்டம் தோற்ற பிள்ளைக்கு அடுத்து எதிரே வருவது அதே நிலையில் உள்ள இன்னொரு பிள்ளை. அதனால் மூன்றாம் நான்காம் சுற்றுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் சரிக்குச் சமமான ஆட்டம் அமைந்துவிடும். 20 பேருக்கு ஐந்து சுற்று போதும். ஒருவர் வராமல் எண்ணிக்கை ஒற்றைப்படையானால், கடைசி நிலையில் உள்ள ஒருவருக்கு அந்தச் சுற்றில் 'பை' கொடுத்து, அதாவது எதிராளி இல்லாமலே, 1 புள்ளி சேருங்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு முறை கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்களே அந்தப் பிள்ளையோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம்.

விதிகளில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதை வகுப்பின் முதல் வாரத்திலிருந்தே பழக்குங்கள். பழகாத பிள்ளைக்கு அது போட்டி நாளில் அநியாயமாகத் தோன்றும், அழுகை வரும். காயை நேராக்க மட்டும் தொடுவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொட வேண்டும். நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும்; எதிராளியோடு வாதாடக் கூடாது. கூச்சப்படுகிற பிள்ளைக்குக் கை தூக்குவதே பெரிய வேலை, அதையும் ஒத்திகை பாருங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. பெற்றோரை அறைக்கு வெளியே உட்கார வைத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் 'ஜெயித்தாயா?' என்று கேட்காமல், 'எந்த இடத்தில் யோசித்தாய்?' என்று கேட்கும்படி அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தோற்ற ஆட்டத்தை அன்றே அலசாதீர்கள். நகர்வுகளை எழுதும் பழக்கம் இருந்தால், அடுத்த வகுப்பில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரே ஒரு இடத்தை மட்டும் பிள்ளையோடு சேர்ந்து பார்க்கலாம்.

பெற்றோரிடம் ஒன்றை மிகைப்படுத்தாதீர்கள். செஸ் ஆடினால் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் 100 பள்ளிகளை எடுத்து, பாதியில் மட்டும் செஸ் கற்பித்துப் பார்த்த ஆய்வு 2016ல் வெளியானது. வகுப்புகள் முடிந்து ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோது, கணக்கில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணம்.

ஓரிருவர் வேகமாக முன்னேறி, ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் போட்டிக்கு, அதாவது ஆட்டத்திறனுக்கு எண் தரும் போட்டிக்கு, போகலாமா என்று கேட்பார்கள். நகர்வுகளைத் தவறில்லாமல் எழுதி, கிடைத்த நேரத்தைப் பயன்படுத்தி, ஒரு மணி நேரமாவது பலகை முன் உட்கார முடிந்தால் அனுப்புங்கள். முதல் ரேட்டிங் கிடைக்க, ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச் முதல் குறைந்தபட்ச ரேட்டிங் 1400; கணக்கு அதற்குக் கீழே வந்தால் பட்டியலில் பெயரே வராது. முதல் சில போட்டிகளில் பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆகும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.