ஜகார்த்தா கிடங்கில் புது மென்பொருள்: ரமலானில் கட்டாயமாக்க வேண்டாம்

சரக்கிருப்பு மென்பொருள் பற்றிப் பேசியபோது ஊழியர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், ஆனால் யாரும் பயன்படுத்தவில்லை, அதனால் ரமலான் முடிவதற்குள் கட்டாயமாக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அங்கே பலர் முன்னிலையில் மேலாளரிடம் 'இது சரிவராது' என்று சொல்லப் பெரும்பாலும் தயங்குவார்கள், அந்தத் தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் 'பாக்' என்று மதித்துக் கூப்பிடும் மூத்தவர் ஒருவர் கிடங்கில் நிச்சயம் இருப்பார், அவரோடு தனியாக உட்கார்ந்து எங்கே சிக்கல் என்று கேளுங்கள், திரை இந்தோனேசிய மொழியில் இருக்கிறதா, அவர்கள் கையில் இருக்கும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் பெருநாள் போனஸ். அது நீங்கள் மனமுவந்து தருவதல்ல, சட்டம்: ஓராண்டு முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதற்குக் குறைந்தவருக்கு விகிதப்படி, பெருநாளுக்கு 7 நாள் முன்பாவது கைக்குப் போய்விட வேண்டும். இதில் தாமதித்தால் எந்த மென்பொருளும் எடுபடாது.

பெருநாளுக்கு எல்லாரும் சொந்த ஊர் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து வேலை பழைய நிலைக்கு வந்ததும், அந்த மூத்தவர் பார்க்கும் பகுதியில் மட்டும் முதலில் தொடங்குங்கள், பழைய நோட்டுப் பதிவும் கொஞ்ச நாள் கூடவே நடக்கட்டும்.